மேலாண்மைக் கல்வியும் தொழில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பும்

நமது நாட்டின் பெரிய தொழில் நிறுவனங்களை நாளை நடத்தப்போகிறவர்களில் பலர் இன்று மேலாண்மைக் கல்வி நிலையங்களில் பயின்று வருகின்றனர். ஒரு தொழிற்சாலை எங்கே அமைய வேண்டும், அதன் கழிவு எங்கே செல்ல வேண்டும், அதில் எத்தனை பேர் நிரந்தரத் தொழிலாளர், எத்தனை பேர் ஒப்பந்தத் தொழிலாளர் என்பன போன்ற முடிவுகளை அவர்கள் எடுப்பார்கள். அம்முடிவுகளால் பயனோ பாதிப்போ அடையும் மக்களில் மிகப் பலர் அவர்களை நேரில் காணவே மாட்டார்கள். ஆகவே, இம்மாணவர்களுக்குச் சமூகப் பொறுப்பு எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பது கல்வித் துறைக்கு மட்டும் உரிய பிரச்சினை அன்று. நாட்டின் வளர்ச்சியோடு நேரடியாகத் தொடர்புள்ள பிரச்சினையும் ஆகும்.

2014ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு நடைமுறைக்கு வந்த பின்னர், இப்பொருள் மேலாண்மைப் பாடத்திட்டங்களில் பரவலாக இடம்பெற்றுள்ளது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், சட்டம் வகுத்த இரண்டு சதவீதச் செலவையே சமூகப் பொறுப்பின் முழுமை என்று மாணவர்கள் கருதிவிடும் அபாயமும் இதனுடன் சேர்ந்தே வந்துள்ளது. லாபத்தில் ஒரு பகுதியை எவ்வாறு செலவிடுவது என்று கற்பிக்கும்போது, அந்த லாபம் எவ்வாறு ஈட்டப்பட்டது என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அக்கேள்விக்கு வகுப்பறையில் உரிய இடம் கிடைக்க என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கருத்து வளர்ந்த வரலாறு

தொழிலதிபர் தம் செல்வத்தைச் சமுதாயத்தின் சார்பில் பராமரிக்கும் தருமகர்த்தாவாக விளங்க வேண்டும் என்பது காந்தியடிகளின் கருத்து. சுதந்திரத்திற்குப் பின்னர், 1965ஆம் ஆண்டில் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னின்று புதுடில்லியில் நடத்திய கருத்தரங்கு, தொழில் துறையின் சமூகப் பொறுப்புகளை விரிவாக விவாதித்தது. தொழிலாளர், நுகர்வோர், பங்குதாரர், சமுதாயம் ஆகிய அனைவருக்கும் தொழில் நிறுவனம் கடமைப்பட்டது என்ற எண்ணம் அங்கு வலியுறுத்தப்பட்டது.

அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டிலேயே ஹோவர்ட் போவென் என்னும் பொருளாதார அறிஞர் இப்பொருள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இதற்கு நேர்மாறாக, சட்டத்தின் எல்லைக்குள் லாபத்தைப் பெருக்குவதே நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்று 1970ஆம் ஆண்டில் மில்டன் ஃப்ரீட்மன் வாதிட்டார். உலகெங்கும் உள்ள மேலாண்மை வகுப்புகளில் இந்த இரு கருத்துகளும் இன்றும் மோதிக்கொண்டிருக்கின்றன.

நம் நாட்டில் இக்கருத்து படிப்படியாகச் சட்ட வடிவம் பெற்றது. 1978ஆம் ஆண்டில் அறிக்கை அளித்த சச்சார் குழு, நிறுவனங்கள் தம் சமூகப் பணிகள் பற்றிய அறிக்கையையும் வெளியிட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் தானாக முன்வந்து, நீதிபதி கோட்வால் தலைமையில் ஒரு குழுவை அமைத்துத் தன் சமூகப் பணிகளைத் தணிக்கை செய்வித்தது. அக்குழுவின் அறிக்கை 1980ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2009ஆம் ஆண்டில் மத்திய அரசு இத்துறையில் தன்விருப்ப நெறிமுறைகளை வெளியிட்டது. 2010ஆம் ஆண்டில் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்கெனத் தனி நெறிமுறைகள் வந்தன. இவற்றின் தொடர்ச்சியாகவே 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் அமைந்தது.

சட்டம் கூறுவது என்ன?

முந்தைய நிதியாண்டில் 500 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட நிகர மதிப்போ, 1,000 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட நிகர லாபமோ உடைய நிறுவனங்களுக்கு 135ஆவது பிரிவு பொருந்தும். அவை முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். வறுமை, பசி ஒழிப்பு, மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழல், கிராம மேம்பாடு, பேரிடர் நிவாரணம் முதலிய பணிகளைச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை பட்டியலிடுகிறது. நிறுவனத்தின் வழக்கமான வாணிபப் பணிகளும், அதன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்தரும் பணிகளும் இக்கணக்கில் சேரா.

தொடக்கத்தில், செலவிடத் தவறிய நிறுவனம் அதற்குரிய காரணத்தை இயக்குநர் குழு அறிக்கையில் தெரிவித்தால் போதும் என்ற நிலை இருந்தது. 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள் இதனை மாற்றின. தொடர்ந்து நடைபெறும் திட்டங்களுக்குரிய எஞ்சிய தொகையைத் தனிக் கணக்கிலும், ஏனைய எஞ்சிய தொகையைச் சட்டம் குறிப்பிடும் நிதிகளிலும் சேர்க்க வேண்டும். தவறினால் அபராதம் உண்டு. ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் இவ்வகையில் செலவிடும் கடமையுள்ள நிறுவனங்கள், ஒரு கோடி ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட திட்டங்களின் பயனைச் சுதந்திரமான அமைப்பு ஒன்றைக் கொண்டு மதிப்பிடவும் வேண்டும்.

2014-15ஆம் ஆண்டில் சுமார் 10,000 கோடி ரூபாயாக இருந்த இச்செலவு, 2022-23ஆம் ஆண்டில் ஏறத்தாழ 30,000 கோடி ரூபாயை எட்டியது. கல்வியும் மருத்துவமும் இதில் பெரும் பங்கு பெறுகின்றன. ஆனால், தொழில் வளம் மிக்க மாநிலங்களுக்கு அதிகமாகவும், வடகிழக்கு மாநிலங்கள் போன்ற பகுதிகளுக்குக் குறைவாகவும் இந்நிதி செல்கிறது.

இவை யாவும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியவை. ஆயினும், இதே சட்டத்தின் 166ஆவது பிரிவு வகுப்பறைகளில் அந்த அளவுக்குக் கவனம் பெறுவதில்லை. பங்குதாரர் நலனோடு, ஊழியர்கள், சமுதாயம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவற்றையும் கருத்திற்கொண்டு நல்லெண்ணத்துடன் செயல்படுவது ஒவ்வோர் இயக்குநரின் கடமை என்று அப்பிரிவு கூறுகிறது. 135ஆவது பிரிவு செலவைப் பற்றியது. 166ஆவது பிரிவு நிறுவனத்தை நடத்தும் முறையைப் பற்றியது. முன்னது குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு உரியது. பின்னதற்கு அத்தகைய வரம்பு இல்லை. இவ்விரண்டையும் சேர்த்துக் கற்பித்தால்தான் சட்டத்தின் முழு நோக்கமும் மாணவருக்கு விளங்கும்.

ஒரு சிறு கணக்கு

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு நிறுவனத்தின் மூன்று ஆண்டு நிகர லாபம் முறையே 80, 100, 120 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 100 கோடி ரூபாய். சட்டப்படி அது சமூகப் பணிகளுக்கு 2 கோடி ரூபாய் செலவிட வேண்டும். அத்தொகையில் பள்ளிக் கட்டடங்களும் குடிநீர்த் தொட்டிகளும் கட்டப்படுகின்றன.

இதே நிறுவனத்தில் 4,000 ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணிபுரிகின்றனர் என்றும், ஒப்பந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் நாள் ஒன்றுக்கு உரிய கூலியில் 20 ரூபாய் குறைத்து வழங்குகிறார் என்றும், நிறுவனம் அதனைக் கண்டுகொள்வதில்லை என்றும் கொள்வோம். ஆண்டில் 300 வேலை நாட்களுக்கு இத்தொகை 2 கோடியே 40 லட்சம் ரூபாய் ஆகிறது. சமூகப் பணி என்ற பெயரில் ஊருக்கு அளித்ததைக் காட்டிலும் அதிகமான தொகை அவ்வூர் மக்களின் கூலியிலிருந்தே பிடிக்கப்பட்டுள்ளது. ஆண்டறிக்கையில் முதல் தொகைக்குப் படங்களுடன் தனிப் பக்கம் கிடைக்கும். இரண்டாவது தொகை எந்தப் பக்கத்திலும் இராது.

பொருளாதாரம் பயின்றோர் இதனைப் புறச்செலவு என்ற கருத்தோடு பொருத்திப் பார்க்கலாம். உற்பத்தியில் எழும் செலவின் ஒரு பகுதியை உற்பத்தியாளர் ஏற்காமல் மற்றவர் மீது சுமத்தும்போது, அவருடைய கணக்கில் லாபம் மிகுந்து தோன்றும். ஆலைக் கழிவினால் கெட்டுப்போன கிணற்று நீருக்கு மாற்றாக விலைக்கு நீர் வாங்கும் குடும்பம், அந்த ஆலையின் செலவில் ஒரு பகுதியைத் தானே ஏற்றுக்கொள்கிறது. பிகூ என்னும் பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1920ஆம் ஆண்டிலேயே இவ்வகைச் செலவுகளை ஆராய்ந்துள்ளார். பொருளாதாரப் பாடத்தில் இதனைக் கற்கும் மாணவர், கணக்கியல் பாடத்தில் இதனை மறந்துவிடும்படி பாடத்திட்டங்கள் அமைந்திருப்பது வருந்தத்தக்கது.

போபால் தரும் பாடம்

1984 டிசம்பர் 2, 3 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவில், போபாலில் இருந்த யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோரின் உயிரைப் பறித்தது. லட்சக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். 1989ஆம் ஆண்டில் 47 கோடி டாலர் இழப்பீட்டுடன் ஏற்பட்ட சமரசம், பாதிக்கப்பட்டோரின் துயரத்திற்கு முடிவு கட்டவில்லை.

இந்த விபத்து பொதுவாகச் சட்ட வகுப்பிலோ சுற்றுச்சூழல் வகுப்பிலோ குறிப்பிடப்படும். உண்மையில் இது மேலாண்மை மாணவர்கள் ஒவ்வொரு பாடத்திலும் படிக்கவேண்டிய நிகழ்ச்சியாகும். வாயுத் தொட்டிக்குள் தண்ணீர் எவ்வாறு நுழைந்தது என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்துவிடும் கோபுரம் பழுது பார்ப்பதற்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது. வாயுவைச் செயலிழக்கச் செய்யும் சாதனம் அன்றிரவு போதிய பயன் தரவில்லை. தொழிற்சாலை நட்டத்தில் இயங்கிய காலத்தில் ஆட்களும் பராமரிப்பும் குறைக்கப்பட்டிருந்தன. மக்கள் நெருங்கி வாழும் பகுதிக்கு அருகிலேயே பெருமளவு நச்சுப் பொருள் சேமித்து வைக்கப்பட்டிருந்தது.

இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், செலவுக் கட்டுப்பாடு நிதி மேலாண்மையைச் சேர்ந்தது. ஆட்குறைப்பு பணியாளர் மேலாண்மையைச் சேர்ந்தது. பராமரிப்பும் சேமிப்பு அளவும் உற்பத்தி மேலாண்மையைச் சேர்ந்தவை. இடத்தேர்வு திட்டமிடலைச் சேர்ந்தது. சமூகப் பொறுப்பு என்ற தனித் தலைப்பின் கீழ் இவற்றில் எதுவும் வராது. ஒரு பருவத்தில் சில மணி நேரம் நடத்தப்படும் தனிப்பாடம் ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒவ்வொரு பாடத்திலும் ஓர் இடம்

ஆகவே, சமூகப் பொறுப்பை ஒரு தனிப்பாடமாக வைத்துக்கொண்டாலும், ஏனைய பாடங்களிலும் அதற்கு இடம் தருவது அவசியமாகும். இதற்குப் புதிய பாடநூல்களைக் காட்டிலும் புதிய கேள்விகளே அதிகம் தேவைப்படுகின்றன.

நிதி மேலாண்மையில், நடைமுறை மூலதனத்தை மிச்சப்படுத்தும் வழிகளுள் ஒன்றாக, சரக்கு வழங்கியோருக்குப் பணம் செலுத்துவதைத் தாமதப்படுத்துதல் கற்பிக்கப்படுகிறது. குறு, சிறு தொழில்களிடம் வாங்கிய சரக்கிற்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் விதித்துள்ளது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு வட்டி தர வேண்டும். தாமதத்தினால் பெரிய நிறுவனத்திற்குக் கிடைக்கும் மிச்சத்தைக் கணக்கிடும் மாணவர், அதே தாமதத்தினால் பத்துப் பேரை வைத்து நடத்தப்படும் பட்டறைக்கு நேரும் நட்டத்தையும் கணக்கிட வேண்டும்.

சந்தையியலில், குழந்தைகளுக்கான தாய்ப்பால் மாற்று உணவுகளுக்கு விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டின் சட்டம் ஏன் தடை செய்தது என்பது நல்லதொரு விவாதப் பொருளாகும். விற்பனையைப் பெருக்கும் ஒரு செயல், வாங்குவோரின் நலனுக்கு எப்போது எதிராகிறது என்பதை இதைக் கொண்டு விளக்க முடியும்.

கணக்கியலில், சந்தை மதிப்பின் அடிப்படையில் முதல் 1,000 இடங்களைப் பெறும் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை பற்றிய அறிக்கையை 2022-23ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக அளிக்க வேண்டும் என்று செபி ஆணையிட்டுள்ளது. ஊழியர் விபத்து, ஊதியம், நீர்ப் பயன்பாடு, கழிவு முதலிய விவரங்கள் இதில் இடம்பெறுகின்றன. ஒரே தொழிலைச் சேர்ந்த இரு நிறுவனங்களின் அறிக்கைகளை மாணவர்கள் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பது சிறந்த பயிற்சியாக அமையும். எது சொல்லப்பட்டுள்ளது என்பதோடு, எது சொல்லப்படாமல் விடப்பட்டுள்ளது என்பதையும் அவர்கள் கண்டறிவர்.

யாருடைய நாற்காலியில் அமர்வது?

அகமதாபாத் இந்திய மேலாண்மை நிலையம் 1961ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடன் தொடங்கப்பட்டபோது, உண்மை நிகழ்வுகளை விவாதித்துக் கற்கும் முறையும் உடன் வந்தது. இம்முறை மாணவரின் சிந்தனையைத் தூண்டுவது என்பதில் ஐயமில்லை. எனினும், இதில் மாணவர் பெரும்பாலும் மேலாளரின் நாற்காலியிலேயே அமர்த்தப்படுகிறார். தொழிற்சாலைக்கு அருகில் வாழ்பவரும், நிலத்தை இழந்தவரும், ஒப்பந்தத் தொழிலாளியும் அந்த நிகழ்வில் தீர்க்க வேண்டிய சிக்கல்களாகத் தோன்றுகின்றனரே தவிர, தமக்கென ஒரு வாதம் உடையவர்களாகத் தோன்றுவதில்லை.

ஒடிசாவின் நியமகிரி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். வேதாந்தா நிறுவனத்தின் லாஞ்சிகட் அலுமினா ஆலைக்காக அம்மலையில் பாக்சைட் வெட்டி எடுக்கும் திட்டம் உருவாக்கப்பட்டது. அம்மலையைத் தெய்வமாக வணங்கும் டோங்க்ரியா கோந்த் பழங்குடியினர் இதனை எதிர்த்தனர். கிராம சபைகளே இதுபற்றி ஆராய்ந்து முடிவு கூற வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதன்படி கூடிய 12 கிராம சபைகளும் திட்டத்தை நிராகரித்தன. 2014 ஜனவரியில் மத்திய அரசு அனுமதி மறுத்தது. ஒரு பகுதி மக்களுக்கு மருத்துவ வசதியும் பள்ளி வசதியும் செய்து தருவது வேறு, அவர்களுடைய இசைவைப் பெறுவது வேறு என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

இத்தகைய நிகழ்வுகளைக் கற்பிக்கும்போது நிறுவனத்தின் ஆவணங்களோடு நீதிமன்றத் தீர்ப்புகள், கிராம சபைத் தீர்மானங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் ஆணைகள் ஆகியவற்றையும் மாணவர் கையில் கொடுக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் நடத்தப்படும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்களின் பதிவுகளும் பயனுள்ளவை. பாதிக்கப்பட்டோர் பேசியது அவற்றில்தான் அவர்களுடைய சார்பில் பதிவாகியுள்ளது. இவை பொது ஆவணங்களாதலால் இதற்குப் பெரும் பொருட்செலவும் ஏற்படாது.

களத்தில் கற்றல்

ஏடுகளால் மட்டும் கற்பிக்க இயலாதவையும் உண்டு. டாக்டர் வர்கீஸ் குரியன் முன்முயற்சியால் 1979ஆம் ஆண்டில் ஆனந்த் நகரில் நிறுவப்பட்ட கிராம மேலாண்மை நிலையம், மாணவர்கள் கிராமத்திலேயே தங்கிப் பயிலும் களப்பணியைத் தன் கல்வியின் இன்றியமையாத பகுதியாக்கியது. மும்பையிலுள்ள எஸ்.பி. ஜெயின் மேலாண்மை நிலையம் தன் மாணவர்களைத் தொண்டு அமைப்புகளில் பணிபுரிய அனுப்புகிறது. வேறு பல நிலையங்களும் இம்முறையைப் பின்பற்றத் தொடங்கியுள்ளன.

ஆனால், மூன்று நாட்கள் கிராமத்தைச் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துத் திரும்புவது களப்பணி ஆகாது. மாணவர் திரும்பி வரும்போது அக்கிராமத்திற்குப் பயன்படும் ஒன்றை விட்டுவர வேண்டும். இங்குதான் மாவட்ட நிர்வாகமும் கல்வி நிலையங்களும் கைகோக்க வாய்ப்பு உள்ளது. நிறுவனங்கள் தரும் நிதியில் ஒரு கிராமத்தில் கட்டப்பட்ட கழிப்பறைகள் எத்தனை என்ற கணக்கு எளிதில் கிடைக்கும். அவற்றில் தண்ணீர் உள்ளவை எத்தனை, பெண்கள் பயன்படுத்துபவை எத்தனை, மூன்றாம் ஆண்டில் பழுதுபார்க்கப்பட்டவை எத்தனை என்ற கணக்கு எளிதில் கிடைப்பதில்லை. சட்டம் கோரும் பயன் மதிப்பீட்டின் உயிர்நாடி இக்கணக்கேயாகும். முறையாகப் பயிற்சி பெற்ற மாணவர் குழுக்கள் இப்பணியைச் செய்து, அதன் முடிவுகளைக் கிராம சபையின் முன்னும் வைக்கலாம்.

இத்துறையில் அதிகாரிகளுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. அரசின் வரவு செலவுத் திட்டத்தில் விடுபட்ட இடங்களை அடைத்துக்கொள்ளும் கைப்பணமாக நிறுவனங்களின் நிதியைக் கருதுவது முறையாகாது. ஏறத்தாழ 30,000 கோடி ரூபாய் பெரிய தொகைதான் என்றாலும், நாட்டின் கல்வி, சுகாதாரச் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு பகுதியே. அதை அரசுப் பணிக்கு மாற்றாகக் கருதாமல், புதிய முறைகளைச் சோதித்துப் பார்க்கவும், பிறர் கவனிக்காத பகுதிகளை எட்டவும் பயன்படுத்துவதே பொருத்தமானது.

சில ஐயங்கள்

இக்கருத்துகளுக்கு எதிராகக் கூறப்படுபவற்றையும் நோக்க வேண்டும். இருபத்து மூன்று வயதில் ஒருவருக்கு நேர்மையைக் கற்பிக்க இயலாது என்பர் சிலர். இதில் ஓரளவு உண்மை உண்டு. 2009 ஜனவரியில் வெளிப்பட்ட சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி அறியாமையால் நேர்ந்ததன்று. அந்நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் மேலாண்மைக் கல்வித் துறையினரும் இடம்பெற்றிருந்தனர். ஆயினும், தீய எண்ணம் கொண்டோரைத் திருத்துவது இக்கல்வியின் நோக்கமன்று. நல்லெண்ணம் இருந்தும், தாம் எடுக்கும் முடிவின் விளைவு எவரைச் சென்றடைகிறது என்பதைப் பார்க்கப் பழகாதவர்களே பெரும்பாலோர். அப்பழக்கத்தை நிச்சயமாகக் கற்பிக்க முடியும்.

சட்டங்கள் இருக்கும்போது தனியே பொறுப்புணர்ச்சி எதற்கு என்பது மற்றோர் ஐயம். சட்டம் பெரும்பாலும் தீங்கு நேர்ந்த பின்னரே வருகிறது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் போபாலுக்குப் பின்னரே வந்தது. சட்டம் இன்னும் எட்டாத இடத்தில் முடிவெடுக்க வேண்டியவர் மேலாளர். அங்கே அவருக்கு வழிகாட்டுவது அவர் பெற்ற கல்வியேயாகும்.

செய்ய வேண்டியவை

மேலாண்மைக் கல்வி நிலையங்கள் உடனடியாக மேற்கொள்ளக்கூடிய சில நடவடிக்கைகள் உள்ளன. முதலாவதாக, நிதி, உற்பத்தி, சந்தை, பணியாளர் பாடங்களின் தேர்வுத்தாள் ஒவ்வொன்றிலும், முடிவின் சமூக விளைவைப் பற்றிய ஒரு கட்டாயக் கேள்வி இடம்பெற வேண்டும். தேர்வில் கேட்கப்படாத எதையும் மாணவர்கள் ஊன்றிப் படிப்பதில்லை என்பது ஆசிரியர் அனைவரும் அறிந்ததே. இரண்டாவதாக, தொழிற்சங்கத்தினர், தொழிலாளர் துறை அலுவலர், ஊராட்சித் தலைவர் ஆகியோர் வகுப்பறைக்கு அழைக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, கோடை விடுமுறைப் பயிற்சிக்கு நிறுவனங்களுக்குச் செல்லும் மாணவர், அந்நிறுவனத்தின் ஒப்பந்தத் தொழிலாளர் நிலை பற்றியும் கழிவு அகற்றும் முறை பற்றியும் ஓர் இயலைத் தம் அறிக்கையில் சேர்க்க வேண்டும். நான்காவதாக, இந்திய நிகழ்வுகளைக் கொண்ட பாடப்பொருள்கள் இந்திய மொழிகளிலும் தயாரிக்கப்பட வேண்டும். சிறு நகரக் கல்லூரிகளில் பயிலும் மேலாண்மை மாணவர்களுக்கு இது பேருதவியாக இருக்கும்.

லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமுதாயத்திற்குச் செலவிடும் கடமையைச் சட்டம் வகுத்துள்ளது. அதைக் கண்காணிக்க அதிகாரிகள் உள்ளனர். எஞ்சிய தொண்ணூற்றெட்டு சதவீதமும் நேரிய வழியில் ஈட்டப்பட்டதா என்பதை ஒவ்வொரு நாளும் உறுதி செய்ய வேண்டியவர் நிறுவனத்தை நடத்துபவரே. அக்கேள்வியைத் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ளும் மேலாளர்களை உருவாக்குவதில்தான் நமது மேலாண்மைக் கல்வியின் சமூகப் பொறுப்பு அடங்கியுள்ளது.